பால்கனிச் சிரிப்பு

கிழக்கேகோட்டைக்குப் பின்னால் அந்த ஓட்டு லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தம்பானூர்ப் பக்கம் இங்கிலீஷ் படமாகவே ஓட்டிக்கொண்டிருந்த தியேட்டரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பேர் எதற்கு, அதை இடித்தே ரொம்பக் காலம் ஆகிவிட்டது. டிக்கெட் எடுக்க ஒரு சந்து இருக்கும், இரண்டு பக்கமும் கம்பி அடித்து. ஓர் ஆள் மட்டும் போகலாம். உள்ளே நுழைந்தால் முன்னால்தான் போக முடியும், மனசு மாறித் திரும்ப முடியாது. மழைக்காலத்தில் அந்தச் சந்தில் நனைந்த வேட்டி வாடையும், வெளியே கப்பலண்டி வறுக்கிற வாடையும் சேர்ந்து அடிக்கும். நிலக்கடலைக்குக் கப்பலண்டி என்று பேர் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அப்படிக் கேட்டுவிட்டேன். "மலையாளத்தான் வந்திருக்கான்டே" என்று பந்தியில் வைத்துச் சிரித்தார்கள். இங்கே மலையாளிகளுக்கு நாம் பாண்டிக்காரர்கள், அங்கே போனால் மலையாளத்தான்கள். சரி, சொல்ல வந்தது அது இல்லை.

சனிக்கிழமை கூலி வாங்கினால் அப்பாவும் அவரோடு வேலை செய்கிறவர்களும் அந்தத் தியேட்டருக்குத்தான் போவார்கள். அப்பா கொத்தனார். தமிழ்ப் படத்துக்கு வீட்டோடு போகலாம், இங்கிலீஷ் படம் ஆம்பிளைகளுக்கு என்று ஒரு வழக்கம். பாம்பு வரும், முதலை வரும், ஒருத்தன் ஹெலிகாப்டரிலிருந்து குதிப்பான். பேச்சு புரிய வேண்டிய அவசியமே கிடையாது. ஒரே ஒரு தொந்தரவு, அந்தச் சிரிப்புதான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாம் கீழே பெஞ்சில் இருப்போம். திரையில் ஒருத்தன் என்னவோ சொல்லுவான். மேலே பால்கனியில் குபீரென்று சிரிப்பார்கள். நம் தலைக்கு மேலே சிரிப்பு வந்து விழும். அதற்குப் பிறகு பெஞ்சில் ரெண்டு பேர் ஒப்புக்குச் சிரிப்பார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் சிரிப்பார்கள். அதற்குள் படத்தில் வேறு என்னவோ நடந்து முடிந்திருக்கும். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். கழுத்தைத் திருப்பி மேலே பார்ப்பார். இருட்டில் என்ன தெரியும், ஆனாலும் பார்ப்பார்.

அந்தச் சிரிப்பு அவரை வேலை செய்கிற இடத்திலும் விடவில்லை. இன்ஜினியரும் வீட்டுச் சொந்தக்காரரும் சாரத்துக்குக் கீழே நின்று இங்கிலீஷில் பேசுவார்கள், அப்பா எடுத்த சுவரைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். சுவரைப் பார்த்துச் சிரித்தார்களா, தன்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்று தெரியாமல் அப்பா அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

"அவங்க சொந்தக் கதை என்னத்தையாவது பேசிருப்பாங்க" என்பாள் அம்மா.

"சொந்தக் கதைன்னா எதுக்குச் சுவரைப் பாக்கணும்?"

அக்காவை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். கலெக்டர் ஆக வேண்டும், டாக்டர் ஆக வேண்டும் என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. "நம்ம வீட்டுல ஒரு ஆளுக்காவது அது தெரியணும்" என்று மட்டும் சொல்லுவார். அவர் கட்டின ஒரு வீட்டின் சொந்தக்காரம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் சொல்லித்தான் இடம் கிடைத்தது. வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் பணம் கட்ட முடியும். மூத்தவள் அவள், படிப்பும் அவளுக்கு வந்தது. நான் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் போனேன், பிறகு போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. எனக்குச் சாந்து குழைக்கப் பிடித்திருந்தது.

அக்காவுக்கு ஒரு டை உண்டு. முடிச்சு முன்னாலேயே போட்டுத் தைத்தது, கழுத்துக்குப் பின்னால் எலாஸ்டிக். சாயங்காலம் வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டுவாள். அவள் இல்லாத நேரத்தில் நான் அதைப் போட்டு இழுத்து விட்டு விளையாடுவேன், தாடையில் சுள்ளென்று அடிக்கும். அக்கா பாட்டை ஒப்பிக்கிறபோது லைனில் நாலு வீட்டுக்குக் கேட்கும். யார் வந்தாலும் அப்பா கூப்பிடுவார். "மக்கா, இந்த மாமாவுக்கு இங்கிலீஷுல ரெண்டு சொல்லு." அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, உள்ளே வரலாமா டீச்சர் என்று கேட்பதைச் சொல்லுவாள். வீட்டுக்குள்ளே நின்றுகொண்டுதான் சொல்லுவாள். வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். தப்பா ரைட்டா என்று சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?

எண்பதுகளின் நடுவில், ஜூன் மாசம், ஒரு இடவப்பாதி மழை. நின்று விடாமல் பெய்தது. மழை பெய்தால் கொத்தனுக்கு வேலை கிடையாது. அப்பா ஓட்டு ஒழுகலுக்கு வாளி மாற்றி வைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். வேலை இல்லாத ஆம்பிளை வீட்டில் இருந்தால் வேண்டாத யோசனை எல்லாம் வரும். பள்ளிக்கூடம் திறந்து பணம் கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அக்காவின் புஸ்தகத்தை எடுத்துத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"கான்கிரீட் போட்டா தண்ணி கட்டி ஒழுகுதான்னு பாக்கோம்லா? இதை எப்பிடிப் பாக்கது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"பரீட்சையிலதான் மார்க்கு போடுதாங்களே."

"அது அவங்களே போடுத மார்க்கு. கான்கிரீட் தட்டடி போட்டவனே ஒழுகலன்னு சொன்னா ஆச்சா?"

அந்தச் சனிக்கிழமை எங்களை அந்தத் தியேட்டருக்குக் கூட்டிப் போனார். அக்கா பள்ளிக்கூட டையோடு வந்தாள், அப்பாதான் போடச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையனும் தொத்திக்கொண்டான். அக்கா வயசுதான் அவனுக்கு. சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போய் தியேட்டர் வாசலில் படம் ஒட்டிய பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஏபிசிடி முழுசாகச் சொல்ல வராது. அப்பாவை மாமா என்று கூப்பிடுவான். பெஞ்சில் அப்பா, அக்கா, அவன், ஓரத்தில் நான்.

அடிதடிப் படம் என்று போர்டில் இருந்தது. உள்ளே போனால் ரெண்டு போலீஸ்காரர்கள், ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை, காரில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டு பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வாயில் உணவை வைத்துக்கொண்டே பேச்சு. தகரக் கூரையில் மழை வேறு.

குட்டை என்னவோ சொன்னான். பால்கனியில் சிரிப்பு வெடித்தது.

"என்ன சொன்னான் மக்கா?" அப்பா சட்டென்று குனிந்தார்.

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "காலை இழுக்காதேன்னு சொல்லுதான்ப்பா."

"யாரு காலை?"

"அவன் காலை."

"அவன் கார்லல்லா இருக்கான். ரெண்டு பேரும் உக்காந்துல்லா இருக்கானுவ. காலை யாரு இழுத்தா?"

"தெரியலப்பா."

பிறகு ஒரு திருடனைப் பிடித்து நாற்காலியில் கட்டி வைத்தார்கள். நெட்டை அவன் முகத்துக்குப் பக்கத்தில் போய்க் கத்தினான்.

"பயறைக் கொட்டுன்னு சொல்லுதான்ப்பா" என்றாள் அக்கா. அவள் குரல் சின்னதாகிவிட்டது.

"பயறா? அவன் கையிலயா இருக்கு பயறு?"

"மாமா, நான் சொல்லட்டா?" பக்கத்து வீட்டுப் பையன் முன்னால் சாய்ந்தான். "ஏலே, ஒழுங்கா உண்மையைக் கக்கிரு. இல்லன்னா குடலை உருவிருவேன்னு சொல்லுதான்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, கட்டிக் கிடந்தவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தான். அப்பா அந்தப் பையனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவர் செத்துப் போனார். குட்டை தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னவோ சொன்னான்.

"என்னட்டி?"

"வாளியை உதைச்சிட்டாராம்."

"யாரு?"

"செத்தவரு."

வீட்டில் ஒழுகலுக்கு வைத்திருந்த வாளிதான் எனக்கு நினைப்பு வந்தது. நான் சிரித்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் முதுகில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அப்பா அவளிடம் கேட்கவில்லை. அவளைத் தாண்டி எட்டி, "ஏலே, இப்ப என்ன?" என்று அந்தப் பையனிடம் கேட்டார். அவன் சொல்லிக்கொண்டே வந்தான். நெட்டை பெண்டாட்டிக்குப் பயப்படுகிறானாம். குட்டை அதை வைத்துக் கிண்டல் பண்ணுகிறானாம். "உன் வீட்டுக்காரி பூரிக்கட்டை எடுத்துட்டு வாராடே, ஓடுன்னு சொல்லுதான் மாமா." மேலே பால்கனி சிரித்தது. அதே நேரத்தில், ஒரு இமைப்பொழுதும் பிந்தாமல், அப்பாவும் சிரித்தார். தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் முன்னால் பார்த்ததில்லை. அவருக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது யோசித்தால் அந்தப் பையன் பொய்யன் இல்லை என்று தெரிகிறது. அவன் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மிச்சத்தை நம் லைன் வீட்டிலிருந்து எடுத்துச் சேர்த்தான். காலை இழுக்காதே என்றால் கிண்டல் பண்ணாதே, பயறைக் கொட்டு என்றால் உண்மையைச் சொல்லு, வாளியை உதைத்தான் என்றால் செத்துப் போனான் என்று படித்த பிள்ளைகளிடம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். பயறு என்று சொன்ன இடத்தில் உண்மையைக் கக்கு என்று அவன் சொன்னது அச்சு அசல் சரி. அக்கா சொன்னதும் சரி. அந்த வெள்ளைக்காரன் வாயிலிருந்து வந்தது பயறு என்ற வார்த்தைதான். அந்த மழைச் சத்தத்தில், அவ்வளவு வேகத்தில், அவள் வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வெள்ளைக்காரன் தன் ஊரில் கூட்டாளியோடு பேசுகிற பேச்சு எந்தப் புஸ்தகத்திலும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாய்க்கு வந்ததை அவளும் சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். தெரியாததைத் தெரியலப்பா என்று சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது அப்பா குடையை அக்கா பக்கம் சாய்த்துத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். அதையும் சொல்ல வேண்டும். கோபமாக இல்லை. ஏதோ இழவு வீட்டிலிருந்து வருகிற மாதிரி வந்தார்.

வீட்டில் அம்மா விட்டாள் ஒரு சத்தம்.

"அடுத்த வீட்டுப் பய சொன்னது சரின்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க லண்டன்ல படிச்சீயளோ?"

"அவன் சொன்னதுக்கும் மேல உள்ளவங்க சிரிச்சதுக்கும் ஒத்துப் போச்சுட்டி. சுவத்துல ரசமட்டம் வச்சுப் பாத்த மாதிரி ஒத்துப் போச்சு."

"சினிமாவை வச்சா பிள்ளைக்குப் பரீட்சை வைப்பீய?"

"பின்ன எதை வச்சுப் பாக்கச் சொல்லுத? சர்க்கார் பள்ளிக்கூடத்துல சும்மா படிக்கவனுக்குப் புரியுது. இவளுக்கு வாளிங்கா, பயறுங்கா."

அக்கா மூலையில் உட்கார்ந்து டையின் எலாஸ்டிக்கை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அழவில்லை. "அப்பா, எனக்குப் புஸ்தகம் எல்லாம் புரியும்ப்பா. எந்தப் பக்கம் வேணும்னாலும் எடுத்துக் கேளுங்க" என்றாள்.

எந்தப் பக்கத்தை எடுத்துக் கேட்பார் அவர்?

அம்மாதான் அவரை விடாப்பிடியாகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். வீட்டுச் சொந்தக்காரம்மா டீச்சர் என்று சொன்னேனே, அவரைப் பார்க்க. நானும் போனேன். வராந்தாவில் குடைகள் விரித்துக் காயப் போட்டிருந்தன. அப்பா செருப்பைப் படியில் விட்டுவிட்டு ஏறினார். அந்த டீச்சர் தங்கமான மனுஷி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், அப்பா உட்காரவில்லை. சினிமாவுக்குப் போன கதையை அம்மா சொன்னாள். டீச்சர் சிரித்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"மேசிரி, அது வேற சங்கதியாக்கும். அவங்க ஊர்ல தெருவுல பேசுற பேச்சு அது. நம்ம பிள்ளைக படிக்கிறது புஸ்தக பாஷை. நிங்ஙட மோள் கிளாஸில பஸ்ட்டாக்கும்."

"சரிங்க டீச்சர். அப்போ அவ படிச்சு முடிச்சா அது புரிஞ்சிருமா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். அவர் யோசிக்காமல் புரியும் என்று சொல்லியிருக்கலாம்.

"சத்தியம் பறைஞ்சா மேசிரி, எனக்கே அந்தப் படம் ஒண்ணும் மனசிலாகாது. பாதிகூடப் புரியாது."

"டீச்சருக்கே மனசிலாகாதா?"

"இல்ல மேசிரி."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "ரொம்ப சந்தோசம் டீச்சர்" என்றார். படியில் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டினதும் அம்மாவிடம் சொன்னார். "அந்தம்மா நல்ல மனுஷி. மறைக்காம உண்மையைச் சொல்லிட்டாங்க. அவங்களுக்கே தெரியாதுன்னு சொல்லுத இடத்துல என் பிள்ளை எதுக்கு?"

அம்மா அங்கேயே ரோட்டில் நின்று கெஞ்சினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஓணத்துக்கு முன்னாலேயே அக்காவைச் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கணக்கும் மலையாளத்தில், சயின்ஸும் மலையாளத்தில். அவளுக்கு மலையாளம் பேச வரும், எழுத்தும் வரும். ஆனால் அதுவரைக்கும் படித்தது எல்லாம் இங்கிலீஷில் வேறு பேரில் இருந்தது. வகுப்பில் பேசாமல் ஆனாள். பத்தாவதில் தோற்றுப் போனாள். மறுபடி எழுதவில்லை. கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டப் போனாள். கல்யாணம் ஆகிற வரைக்கும் அந்த வேலைதான். வெள்ளைக்காரர்கள் கோயிலைப் பார்க்க வந்து கடைக்குள் ஏறினால் முதலாளி அவளைத்தான் கூப்பிடுவார் என்று ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாள். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

நானும் கொத்தனாகத்தான் ஆனேன், இப்போது பேரப்பிள்ளை எடுத்தாயிற்று, முட்டி மடக்க முடியவில்லை. தண்ணீர் கட்டிப் பார்க்கிறதைப் பற்றி எனக்கு அப்பாவைவிடக் கொஞ்சம் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் இறுகின பிறகுதான் கட்டுவோம். பச்சைக் கான்கிரீட்டில் ஏறி நின்றுவிட்டு, கால் பதிகிறதே, கம்பி சரியில்லை என்று எவனும் சொல்ல மாட்டான். அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார், அது கட்டடமாக இருந்தால்.

எனக்கு இந்த வயசு ஆவதற்கு முன்னால், அக்காவுக்குப் பெண் பிறந்து அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன காலம். டிவிடி வந்துவிட்டது. அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் கை விழுந்துபோய் அக்கா வீட்டில்தான் இருந்தார். நான் பார்க்கப் போயிருந்தேன். அக்கா மகள் ஓர் இங்கிலீஷ் படம் போட்டாள். கீழே எழுத்து ஓடியது.

"அது என்னட்டி எழுத்து?" என்றார் அப்பா.

"அவங்க பேசுறதுதான் தாத்தா. இங்கிலீஷுலயே எழுதிக் காட்டுவாங்க."

"இங்கிலீஷுக்கு எதுக்கு இங்கிலீஷு?"

"பேசுறது பிடி கிடைக்காது தாத்தா. அங்க உள்ள கொச்சை எல்லாம் வரும். எங்க மிஸ்ஸும் எழுத்து போட்டுத்தான் பாப்பாங்களாம். காலேஜ்ல படிக்கிற அண்ணன்மாரும் அப்படித்தான். எழுத்து இல்லன்னா யாருக்கும் ஒண்ணும் மனசிலாகாது."

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அப்பா நல்ல கையால் விழுந்த கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். படம் ஓடியது. யாரோ பேசினார்கள். அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கீழே ஓடுகிற எழுத்தோடு இடமிருந்து வலமாகப் போய்ப் போய் வந்தது.

அப்பா அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"மக்கா. அன்னைக்கு நீயும் என்னத்தையாவது ஒண்ணு சொல்லிருக்கலாம்லா?"

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. "அவன் என்ன சொன்னான்னுதான நீங்க கேட்டீங்க அப்பா. அதைத்தான் சொன்னேன்."

அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. "டிவியை நிறுத்து" என்றார்.

அக்கா நிறுத்தவில்லை. படம் முடிகிற வரைக்கும் பார்த்தாள். சில இடங்களில் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கும் தெரியவில்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் அவளிடம் கேட்க வாய் வரவில்லை.